ஏழாம் எண் பேசியது

அலுவலகத்தில் அவளுக்குச் சீட்டம்மா என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்த மேசையைக் கை காட்டுவார்கள். பெயரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு வருடமாக அவள் உள்ளங்கை அகலச் சீட்டுகளில் எழுதி, எழுதியதை மர இழுப்பறைகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுதியதெல்லாம் உணர்ச்சிகள். கோபம், துக்கம், பொறாமை, அலுப்பு என்று மனிதருக்குள் ஓடுவதையெல்லாம் ஆங்கிலம் எந்தெந்தப் பெயரில் கூப்பிடுகிறதோ அந்தப் பெயர்கள் அறுநூற்று நாற்பது. ஒவ்வொன்றுக்கும் பழங்கிரேக்கத்தில் என்ன சொன்னார்கள், இன்றைய கிரேக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எதிரெதிரே போட்டு ஒரு அகராதி. இது யாருக்கு வேண்டும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எட்டுப் பேருக்கு வேலை போயிருக்கும்.

ஆங்கிலச் சொல்லுக்கு வெள்ளைச் சீட்டு, பழங்கிரேக்கத்துக்கு மஞ்சள், இன்றைய கிரேக்கத்துக்கு நீலம். வெள்ளையும் மஞ்சளும் உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை. செத்துப்போனவர்கள் எழுதி வைத்ததை எடுத்துப் போட்டால் ஆயிற்று, அவர்கள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. நீலச் சீட்டுதான் உயிரை வாங்கும். அதில் உயிரோடிருக்கும் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன வாக்கியம் இருக்க வேண்டும். அதுவும் உணர்ச்சியின் பெயரைச் சொல்லிவிடாமல், அந்த உணர்ச்சியில் இருந்துகொண்டு சொன்ன வாக்கியம். கோபத்தில் இருப்பவன் 'எனக்குக் கோபம்' என்றா சொல்கிறான், 'கதவைச் சாத்திட்டுப் போ' என்றுதானே சொல்கிறான்? தேதி, இடம், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, எல்லாம் எழுத வேண்டும். சொன்னவர் பெயர் வேண்டாம், எண் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, சொன்னவரிடம் எதையும் கேட்டிருக்கக் கூடாது. கேள்வி கேட்டு வாங்கிய வாக்கியம் என்று மோப்பம் பிடித்துவிட்டால் தலைமைப் பதிப்பாசிரியர் அதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவார். வெட்டுவதும் கிழிப்பதுமாகவே இருந்ததால் அவருக்குக் கத்தரி என்று பெயர். தானாகக் காதில் விழுந்தால் பேச்சு, கேட்டு வாங்கினால் பரீட்சை என்பது கத்தரியின் கட்சி. அவர் சொல்வதில் நியாயம் இருந்ததுதான் தொல்லை.

வேலையில் ருசி இல்லாமல் இல்லை. 'ஸ்டெனோகோரியா' என்றால் பழைய நாளில் கால் நீட்ட வழியில்லாத இடுக்கு. அதே சொல் கொஞ்சம் தேய்ந்து இன்று மனக்கஷ்டத்துக்குப் பெயராகிவிட்டது. 'அகோனியா' அன்று போட்டிக் களத்தின் தவிப்பு, இன்று பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் பெற்றவர்கள் வயிற்றில் ஓடுவது. இன்றைய கிரேக்கத்தில் 'பராபொனோ' என்று ஒன்று உண்டு. வேண்டியவர்கள் மேல் மட்டும் வருகிற மனத்தாங்கல் அது. ஆங்கிலத்தில் அதற்கு நேர் சொல் கிடையாது. அகராதி ஆங்கிலத்திலிருந்து ஆரம்பிப்பதால் அதற்கு இழுப்பறையும் கிடையாது. அதை எப்படியாவது உள்ளே நுழைக்கச் சீட்டம்மா கத்தரியோடு இரண்டு வருடம் மல்லுக்கு நின்றாள். நடக்கவில்லை.

அவள் பிறந்த வீட்டில் கிரேக்கத்துக்கும் யாருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்பா தட்டச்சு இயந்திரம் பழுது பார்த்தார், அம்மா தபால் நிலையத்தில் முத்திரை குத்தினாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதில், நூலகத்தின் நான்காம் மாடியில் நடந்த மாலை வகுப்பில் அவள் பழங்கிரேக்கம் படிக்கச் சேர்ந்தாள். பெரிய லட்சியம் ஒன்றுமில்லை, அந்த வகுப்பில்தான் இடம் காலியாக இருந்தது. மற்றவர்கள் மூன்றாம் பாடத்தோடு கம்பி நீட்டினார்கள். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் வகுப்புக்குப் போகும்போது லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. மேலே மெக்கானிக் ஒருவர் இயந்திரத்தை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தார். வசவுக்கு நடுவே ஒரு சொல் பாடப் புத்தகத்துச் சொல்லாக இருக்கவே, இவள் கீழேயிருந்து பழங்கிரேக்கத்தில், தான் நலமாக இருப்பதாகவும் அவர் அஞ்ச வேண்டாம் என்றும் குரல் கொடுத்தாள். பஸ் கண்டக்டரிடம் செய்யுளில் டிக்கெட் கேட்டால் எப்படியிருக்கும், அப்படி. மேலே வசவு நின்றது. பிறகு கேட்ட சிரிப்பு லிஃப்ட் சரியாகும்வரை ஓயவில்லை. மறு வருடம் கல்யாணம்.

லிஃப்ட்காரர் பத்தொன்பது வயதில் கிரேக்கத் தீவு ஒன்றை விட்டுக் கப்பல் வேலைக்கு வந்து, கப்பல் ஒத்துக்கொள்ளாமல் இந்த ஊரில் தங்கிவிட்டவர். ஊர் மொழியில் அவர் வாயிலிருந்து வார்த்தை வருவது குதிரைக்கொம்பு. 'சரி', 'பார்க்கலாம்', 'கேபிள் போச்சு', அவ்வளவுதான். முப்பது வருடமாகக் கூட வேலை பார்ப்பவர்கள்கூட அவரை ஊமை என்றே வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்து தன் மொழிக்கு மாறிவிட்டால் ஆளே வேறு. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். மேலதிகாரியின் மூக்கு, மாடிவீட்டுக்காரியின் நாய், சின்ன வயதில் கிணற்றில் விழுந்த அண்ணன் என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாக அருவி மாதிரிக் கொட்டும். அப்படிப் பேச அவருக்கு அந்த ஊரில் இவளை விட்டால் ஆள் இல்லை. இவளுக்கும் அந்தப் பேச்சை விட்டால் வேறு சொத்து இல்லை. பிள்ளை இல்லாத வீடு, சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரி. சாயங்காலம் அந்தக் குரல் வரும் என்பதற்காகவே அவள் பகலைத் தள்ளினாள் என்று சொன்னால் அது மிகை இல்லை.

அகராதி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நீலச் சீட்டுக்காக அவள் ரயிலேறித் துறைமுகத்துக்குப் போய்த் தேநீர்க் கடைகளில் பழியாகக் கிடந்தாள். மாலுமிகள், சுமை தூக்குகிறவர்கள், ஒரு முடிதிருத்துபவர் என்று ஒன்று முதல் ஆறு வரை எண்கள் கிடைத்தன. ஆறு பேரும் விடாமல் பேசியது பந்தாட்டம். நாலு மாதத்தில் முப்பது சீட்டுகூடத் தேறவில்லை. அப்போதுதான் ஒரு சாயங்காலம் லிஃப்ட்காரர் கை கழுவிக்கொண்டே அலுப்பைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். லட்டு மாதிரி வாக்கியம். இந்த ஒன்று மட்டும் என்று எழுதினாள். எண் போடுமிடத்தில் ஏழு என்று போட்டாள். பேசியவரின் சம்மதத் தாள் ஒன்று வேண்டும், அதிலும் தபால்காரர் நீட்டும் தாளில் போடுவதுபோல அவர் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள்.

அந்த ஒன்று பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. எழுதியதில் பொய் கிடையாது, அவர் சொன்னதற்கு ஒரு எழுத்துக் கூடச் சேர்க்கவில்லை. ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றிலிருந்து அளந்து பேசுவார், அப்புறம் பேசவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பயந்தது சீட்டுக்காகவா பேச்சுக்காகவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

இதற்கிடையில் அவளுக்கே தெரியாமல் ஒரு பழக்கம் மாறிப்போயிற்று. அலுவலக விதி வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் அவர் ஏதாவது சொல்லிவிட்டு நிறுத்தினால் 'ஏன்?' என்பாள், 'அப்புறம்?' என்பாள். இப்போது 'ம்' மட்டும் கொட்டினாள். கேட்டால் அடுத்து வருகிற வாக்கியம் சீட்டுக்கு ஆகாது. அவரோ தன் மனைவிக்கு வயதாக ஆகப் பொறுமை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் ஏழாம் எண்ணுக்கு ஏகப்பட்ட மவுசு. மனைவியை இழந்தவர் என்று தட்டச்சுக்காரி சொன்னாள், கலங்கரை விளக்கத்தில் தனியாக இருப்பவராக்கும் என்று படி எடுப்பவர் சொன்னார். கத்தரியே ஒரு தடவை, இந்த மனுஷனுக்குப் பேசத் தெரிந்த அளவுக்கு நமக்கு எழுதத் தெரியவில்லையே என்று பெருமூச்சு விட்டார். சீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு மஞ்சள் சீட்டை எடுத்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒரு சோதனை உண்டு, அதற்குக் காதுச் சோதனை என்று பெயர். தாய்மொழிக்காரர் ஒருவர் நீலப் பகுதி முழுவதையும் அலுவலகத்தார் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். படித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் 'சொல்லுவாங்க' அல்லது 'சொல்ல மாட்டாங்க' என்று தீர்ப்புக் கொடுக்க வேண்டும். வழக்கமாகத் துறைமுகத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர் வருவார். அந்த மாதம் பார்த்து அவர் மிச்சமிருந்த பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பல் செட்டுக்காகக் காத்திருந்தார். கத்தரிக்குச் சீட்டம்மாவின் வீட்டுக்காரர் எந்த மொழிக்காரர் என்பது நினைவு வந்தது. இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, சனிக்கிழமைக்கு அவரைச் சம்மதிக்கவும் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் அவகாசம் இருந்தது. போனால் அலுப்பாக இருக்கும், நாள் முழுக்க ஆகும் என்று சொல்லிப் பார்த்தாள். அவருக்கோ தலைகால் புரியவில்லை. மனைவியின் ஆபீசில் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் பேசுவதற்கு. வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டி வைத்தார். அதைப் பார்த்தபோது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. பேசுகிறவர்கள் பேசியதையெல்லாம் நினைவிலா வைத்திருக்கிறார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு விழுங்கிவிட்டாள்.

சனிக்கிழமை நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். லிஃப்ட்காரர் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளில் ஆங்கிலச் சொல், கிரேக்கச் சொல், வாக்கியம், இவை மட்டும். எண்ணும் தேதியும் இல்லை. முதல் இரண்டும் துறைமுகத்துக்காரர்கள் சொன்னவை. "சொல்லுவாங்க," என்றார் கணீரென்று. மூன்றாவது, கோபம். 'அவன் மூக்கு அவனுக்கு முன்னாடியே வேலைக்கு வந்துடுது.' மேசையில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிக்க வாயெடுத்தார். பிறகு வாக்கியத்தை மறுபடி ஒரு தரம் மனதுக்குள் படித்தார். "சொல்லுவாங்க," என்றார், கொஞ்சம் மெதுவாக.

அதற்கப்புறம் அவர் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு, மூன்று என்று வந்துகொண்டே இருந்தன. மைத்துனன் வீடு கட்டியபோது சொன்னது பொறாமையில் இருந்தது. டாக்டர் பிள்ளை பிறக்காது என்று சொன்ன நாளில் சொன்னது ஏமாற்றத்தில். இவளோடு சண்டை போட்டுவிட்டு மொட்டைமாடியில் நின்று சொன்னது தனிமையில். எல்லாவற்றையும் அதே குரலில் படித்தார், எல்லாவற்றுக்கும் 'சொல்லுவாங்க' என்றார். தட்டச்சுக்காரி அலுப்பு வாக்கியத்துக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எழுந்து போய்த் தாளைப் பிடுங்கலாமா என்றிருந்தது சீட்டம்மாவுக்கு, பிடுங்கவில்லை.

தேநீருக்கு அப்புறம் 'ஆர்' வரிசை வந்தது. ரிலீஃப். பாரம் இறங்குவதற்குப் பழங்கிரேக்கத்திலும் இன்றைய கிரேக்கத்திலும் ஏறத்தாழ ஒரே சொல், ஆகையால் கத்தரிக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. லிஃப்ட்காரர் படித்தார். 'இன்னைக்கு மத்தியானம்தான் நல்லாத் தூங்கினேன்.'

அது அவருடைய அம்மா இறந்த அன்று மாலை அவர் சொன்னது. கிழவி தீவிலிருந்து வந்து, மூன்று வருடம் பின்னறையில் படுத்த படுக்கையாகக் கிடந்து, மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிற்பகலில் போய்ச் சேர்ந்தாள். காரியங்கள் ஓரளவு ஓய்ந்து சமையலறையில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது லிஃப்ட்காரர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இவள் முகத்தைப் பார்த்தார். இவள் 'ம்' என்றாள். மறுநாள் சீட்டு எழுதினாள். பாவம், மூன்று வருடப் பாரம் இறங்கியிருக்கிறது மனுஷனுக்கு என்று நினைத்துத்தான் எழுதினாள்.

மேசையில் எல்லோரும் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாக்கியம் சரி. இடம்தான் தப்பு," என்றார் ஊர் மொழியில். "இது நிம்மதி இல்ல. வெட்கம். தலை நிமிர முடியாத வெட்கம். அந்தப் பக்கத்துல போடுங்க."

கத்தரிக்கு உற்சாகம் பொங்கியது. இப்படி ஒரு காதை அவர் பார்த்ததே இல்லை. எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"சொன்னவனைத் தெரியும்," என்றார் லிஃப்ட்காரர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்ததைப் படித்தார். கடைசித் தாள்வரை ஒன்றையும் விடாமல் படித்து முடித்தார்.

பஸ்ஸில் சீட்டம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் மொழியில் மன்னிப்புக் கேட்டாள். அவர் கேட்டுக்கொண்டார். "சரி," என்றார், ஊர் மொழியில். வீட்டுக்கு வந்தும் ஊர் மொழிதான். சாப்பாடு ஆச்சா, மழை வரும்போல இருக்கு, குழாய் ஒழுகுது. கோபம் என்று சொல்ல முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. லிஃப்டில் வந்து ஏறுகிறவர்களிடம் எப்படிப் பேசுவாரோ அப்படி மரியாதையாகப் பேசினார். இருபத்தெட்டு வருடத்தில் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை அவள் கத்தரியிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். ஏழாம் எண் யார் என்பதை, கையெழுத்து யாருடையது என்பதை, எல்லாவற்றையும். கத்தத் தெரிந்த மனிதர் அன்று கத்தவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு நீலச் சீட்டுகளையும் தன் கையாலேயே உருவி எடுத்து, கிழிக்காமல், நூல் போட்டுக் கட்டி அவளிடம் கொடுத்தார். அகராதி ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. பல் செட் வந்த சமையல்காரரைப் பின்தொடர்ந்து தட்டச்சுக்காரி வாக்கியம் சேகரித்தாள். இன்றைக்கும் அந்த அகராதியைப் புரட்டினால் பாதி உணர்ச்சிகள் குழம்பில் உப்புக் கூடிப்போனதைப் பற்றியே இருக்கும். மஞ்சளுக்கு வேறு ஆள் இல்லாததால் சீட்டம்மாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி நீலத்தைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். அவளுக்கும் அதைத் தொடுகிற ஆசை விட்டுப்போயிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே சீட்டுக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன் வைத்து, அச்சிலிருந்து எடுத்தாயிற்று என்றாள். அதற்கும் 'சரி'தான். கட்டு மேசையிலிருந்து அலமாரிக்குப் போயிற்று. எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் எதை வைத்து நினைத்தாளோ. வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. இனிமேல் இப்படித்தான் என்கிற எண்ணம் பழகிவிடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

நாலாவது சனிக்கிழமை காலை அவர் பின்னறை ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கட்டிலைச் சுவரோரம் நகர்த்தியிருந்தது. சீட்டம்மா தேநீரோடு வாசற்படியில் வந்து நின்றாள். கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தாள். என்ன தோன்றியதோ, அவர் மொழியில் கேட்டுவிட்டாள்.

"அது ஏங்க வெட்கம்?"

பால் வாங்கியாச்சா, சாவி எங்கே என்று அவள் தினமும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி ஒரு கேள்வி அந்த வீட்டில் கேட்டுப் பல வருடம் ஆயிற்று. அவர் பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார், ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு அவர் மொழியிலேயே பேசினார்.

"அன்னைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. தண்ணிக்கா இருக்கும், அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போகலாம்னு திரும்பிப் படுத்தேன். அப்படியே தூங்கிட்டேன். நல்லாத் தூங்கினேன். அதைத்தான் உன்கிட்ட வந்து சொன்னேன். ஏன்னு நீ கேப்பேன்னு பார்த்தேன்."

சீட்டம்மா கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அந்தப் பிற்பகலில் அவள் முன்னறையில் மஞ்சள் சீட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு திரைதான். பாரம் இறங்கிய நிம்மதி என்று அவள் எழுதினாளே, அது யாருடைய நிம்மதி என்பது அவளுக்கு எழுதும்போதே தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் இருந்தது.

"எனக்கும் கேட்டுச்சு," என்றாள். "ரெண்டு தடவை இல்லீங்க, மூணு தடவை. நீங்க எழுந்து போவீங்கன்னு நான் எழுந்திருக்கலை."